பிறவிக்கு முந்திய பழி: மார்மன் திருச்சபையும் கறுப்பின மக்களும்

மதங்கள் தம்முள் வாதிட்டுக் கொள்வது உலகிற்குப் புதிதன்று. சைவரும் சமணரும் வாதிட்டனர். பௌத்தரும் வைதிகரும் வாதிட்டனர். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் வாதிட்டனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றிய மார்மன் மதத்தைக் குறித்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நடந்துவரும் வாதங்களுள் ஒன்றனை மட்டும் எடுத்து ஈண்டு ஆராய முற்படுகின்றோம். அம்மதத்தைப் பழிப்பதோ போற்றுவதோ நம் நோக்கமன்று. ஒருவன் பிறக்கும் குலமே, அவன் பிறப்பதற்கு முன் செய்த செயலுக்குக் கிடைத்த கூலி என்னும் கருத்து நம் நாட்டிற்கே உரிய சரக்கு என்று நம்மிற் பலர் எண்ணி வந்துள்ளனர். கர்மம் என்னும் சொல்லையே கேட்டறியாத மக்களிடையே, அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், அதே கருத்து முளைவிட்டு, நூறாண்டுக்கு மேல் கிளைத்து நின்றது. அஃது ஏன் முளைத்தது, யாருக்குப் பயன்பட்டது, யார் அதனைக் களைந்தனர் என்பவற்றை நம் இளைஞர் அறிதல் வேண்டும். 1946-ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, தீண்டப்படாதார் நிலையும் அந்நாட்டுக் கறுப்பின மக்கள் நிலையும் பெரிதும் ஒத்திருப்பதைச் சுட்டினார். அவ்வொற்றுமையைக் கற்பது இன்றியமையாதது என்பது அண்ணலின் கருத்து. நாமும் அவ்வழியே செல்கின்றோம்.

மார்மன் மதத்தை நிறுவியவர் ஜோசப் ஸ்மித் என்பவர். 1805-இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஏழை உழவர் குடியிற் பிறந்தவர். தாம் பொன்தகடுகளிலிருந்து தெய்வ அருளால் மொழிபெயர்த்ததாகக் கூறி, 1830-இல் ‘மார்மன் நூல்’ என்னும் வேதத்தை வெளியிட்டார். அவ்வாண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் சபை அமைந்தது. இன்று ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்பது அதன் முழுப்பெயர். உறுப்பினர் தொகை ஒரு கோடியே எழுபது இலட்சத்துக்கு மேல் எனச் சபை கூறுகின்றது. நமக்கு முற்றிலும் அயலான சபையென்றும் சொல்வதற்கில்லை. 1853-லேயே ரிச்சர்ட் பாலன்டைன் முதலிய மார்மன் ஊழியர் சென்னைக்கு வந்து இறங்கியுள்ளனர். அவர்களால் அப்போது பெரிதாக ஆள் சேர்க்க முடியவில்லை என்பது வேறு.

இவ்வரலாற்றைப் புரிந்துகொள்ள, அச்சபையின் அமைப்பில் ஒரு செய்தியை முதற்கண் தெளிந்துகொள்ள வேண்டும். மற்றைக் கிறிஸ்தவச் சபைகளில் குருமார் சிலர், மக்கள் பலர். மார்மன் சபையிலோ ஆசாரியத்துவம் என்னும் குருப்பட்டம் ஒழுக்கமுள்ள ஆண் ஒவ்வொருவனுக்கும் உரியது. பன்னிரண்டு வயதை ஒட்டியே அதன் முதற்படி தொடங்கிவிடும். அப்பட்டம் பெற்றவனே சபையில் பொறுப்பு ஏற்கலாம். ஆலயத்தினுள் நடைபெறும் உயர்ந்த சடங்குகள் ஆண், பெண் இருபாலார்க்கும் உரியன. கணவன் மனைவியரையும் பெற்றோர் பிள்ளைகளையும் மரணத்துக்குப் பின்னும் பிரியாவண்ணம் இணைத்து வைக்கும் சடங்கு அவற்றுள் தலையாயது. இவ்விரண்டும் ஓர் இனத்துக்கு மறுக்கப்பட்டால், அவ்வினத்தில் சிலர் குருவாக முடியாது என்பதன்று பொருள். அவ்வினத்துச் சிறுவன் தன் வயதொத்தவரோடு நிற்க முடியாது. தாய்க்குத் தன் மக்கள் மறுமையில் தன்னுடையவர் என்னும் உறுதி கிடையாது. கோயிலுக்கு வரலாம், காணிக்கை செலுத்தலாம், கருவறைப் பக்கம் எட்டிப் பார்த்தல் கூடாது என்ற நிலை. இதனை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

மார்மன் மக்கள் தொடக்கத்தில் ஒடுக்கப்பட்டோராகவே இருந்தனர் என்பதை மறத்தலாகாது. அவர்கள் குடியேறிய மிசௌரி அடிமை முறை வழங்கிய மாநிலம். 1833-இல் அவர்தம் இதழொன்று, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அம்மாநிலத்துள் வருவது பற்றிய சட்ட விதிகளை வெளியிட்டது. மார்மன்கள் கறுப்பரைக் கூட்டி வருகின்றனர் என்று வெள்ளையர் கொதித்தெழுந்து அச்சகத்தை இடித்தனர். அவர்களை அந்த வட்டத்தைவிட்டே விரட்டினர். 1838 அக்டோபரில் ஆளுநர் பாக்ஸ், மார்மன்களை மாநிலத்திலிருந்து வெளியேற்ற வேண்டும், இன்றேல் அழித்தொழிக்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். மூன்று நாள் கழித்து ஹான்ஸ் மில் என்ற சிற்றூரில் மார்மன்கள் 17 பேர் கொல்லப்பட்டனர். அந்த ஆணை சட்டப்படி நீக்கப்பட்டது 1976-இல்தான். இல்லினாய் மாநிலத்துக்குச் சென்ற பின்னரும் அமைதியில்லை. 1844 ஜூன் 27-இல் கார்த்தேஜ் ஊர்ச் சிறையில் அடைபட்டிருந்த ஜோசப் ஸ்மித்தைக் கும்பல் ஒன்று புகுந்து சுட்டுக் கொன்றது. அவ்வாண்டு அவர் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு நின்றிருந்தார். பொது நிலங்களை விற்று, உடையவர்க்கு ஈடு கொடுத்து, 1850-க்குள் அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்பது அவர் வெளியிட்ட கொள்கைகளுள் ஒன்று.

அவர் காலத்தில் கறுப்பின மக்களுக்கு ஆசாரியத்துவம் மறுக்கப்படவில்லை. மேரிலாந்தில் பிறந்த எலைஜா ஏபெல் என்னும் தச்சர் 1836-இல் மூப்பராக அருட்பொழிவு பெற்றார். பின் ‘எழுபதின்மர்’ என்னும் ஊழியர் குழாத்திலும் இடம் பெற்றார். மாசசூசட்ஸ் மாநிலத்து லோவெல் நகரில் வாக்கர் லூயிஸ் என்னும் நாவிதர் மூப்பராக இருந்தார். அடிமை ஒழிப்பு இயக்கத்தில் முன்னின்று உழைத்தவர் அவர். ஸ்மித்துக்குப் பின் தலைமை ஏற்ற பிரிகாம் யங்கே 1847 மார்ச்சில், தம் சிறந்த மூப்பருள் ஒருவர் லோவெல் நகரத்து ஆப்பிரிக்கர் என்று புகழ்ந்து பேசியது பதிவாகியுள்ளது.

ஐந்தே ஆண்டுகளில் அவர் நாக்குப் புரண்டது. இடையில் நடந்தது யாது? 1847-இல் ஊழியர் ஒருவர் லோவெல் நகருக்குச் சென்றபோது, லூயிஸின் மகன் ஒரு வெள்ளைப் பெண்ணை மணந்து குழந்தையும் பெற்றிருக்கக் கண்டு திடுக்கிட்டார். கறுப்பர்க்கு மூப்பர் பட்டம் கொடுப்பது முறையா என்று தலைமைக்கு எழுதிக் கேட்டார். அவ்வாண்டின் இறுதியில் இச்செய்தியைக் கேட்ட யங் கடுஞ்சினம் கொண்டு பேசினார். வேதத்தில் தேடிக் கண்ட தடையன்று இது; மணப்பந்தலைக் கண்டு மூண்ட தடை. கலப்பு மணம் என்றதும் சாத்திரங்களைப் புரட்டத் தொடங்குவோரை நாமும் அறிவோம்.

மணம் ஒன்று மட்டுமே காரணம் என்று கூறுதல் குறைபாடாகும். 1847 ஜூலையில் மார்மன்கள் மேற்கே உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். முதலிற் சென்ற அணியிலேயே கறுப்பின அடிமைகள் மூவர் இருந்தனர்: கிரீன் ஃபிளேக், ஹார்க் லே, ஆஸ்கார் கிராஸ்பி. தெற்கு மாநிலங்களிலிருந்து மதம் மாறி வந்தோர் தம் அடிமைகளையும் உடன் கொணர்ந்தனர். அவர்களை என்ன செய்வது என்ற கேள்வி 1852 தொடக்கத்தில் யூட்டா ஆட்சிப் பகுதியின் சட்டமன்றத்தில் எழுந்தது. ஆளுநராகவும் சபைத் தலைவராகவும் இருந்தவர் யங். ஊழியம் பற்றிய சட்டம் என்ற பெயரில் அடிமை முறைக்கு அங்கே சட்ட ஒப்புதல் கிடைத்தது. அடிமைகளைக் கொடுமை செய்யலாகாது, இளம் பருவத்தில் 18 மாதமேனும் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பன போன்ற விதிகளும் அதில் உண்டு. அடிமைக்குப் பள்ளி என்று மெச்சுவதா, பள்ளிக்குப் போனாலும் அடிமை என்று வருந்துவதா! 1862-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆட்சிப் பகுதிகள் அனைத்திலும் அடிமை முறையை ஒழிக்கும் வரை அச்சட்டம் நின்றது. அதே அவையில்தான், ஆப்பிரிக்கக் குருதி ஒரு துளி இருப்பினும் ஆசாரியத்துவம் இல்லை என யங் வெளிப்படையாக அறிவித்தார்.

அவ்வவையில் எதிர்த்து ஒலித்த குரலையும் கூறியாக வேண்டும். சபையின் அப்போஸ்தலருள் ஒருவரான ஆர்சன் பிராட் அச்சட்டத்தை எதிர்த்துப் பேசினார்; கறுப்பின ஆடவர்க்கு வாக்குரிமையும் வேண்டும் என்றார். அவ்வுரை சுருக்கெழுத்துக் குறிப்புகளில் உறங்கிக் கிடந்து, அண்மைக் காலத்தில்தான் அறிஞர்களால் படித்து வெளியிடப்பட்டது. அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எண்ணினர், காலத்தின் குற்றத்தை மனிதர் மேல் ஏற்றலாமா என்று கேட்போர்க்கு, பிராட்டின் உரையைவிடச் சிறந்த மறுமொழி தேவையில்லை. ஒரே அவை, ஒரே காலம், ஒரே வேதம். ஒருவர் ஒன்றைக் கண்டார். மற்றவர் வேறொன்றைக் கண்டார்.

இனி, தடைக்குக் கூறப்பட்ட காரணங்களைக் காண்போம். நம் கட்டுரையின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது.

யங் கூறிய காரணம் விவிலியத்துக் காயீன் கதை. தம்பி ஆபேலைக் கொன்ற காயீன் மேல் விழுந்த சாபம் அவன் மரபினராகிய ஆப்பிரிக்கர் மேல் தங்கியுள்ளது. ஆபேலின் மரபினர் அனைவரும் ஆசாரியத்துவம் பெற்ற பின்னரே காயீன் மரபினர் பெறலாம் என்றார். காயீன் கதையும், நோவாவின் மகன் காம் கதையும் மார்மன்கள் கண்டுபிடித்தவை அல்ல. தெற்கு மாநிலங்களின் அடிமை உடைமையாளரும் அவர்தம் போதகரும் நெடுங்காலம் கையாண்டு தேய்ந்த நாணயங்கள் அவை. மற்றைச் சபைகளில் பலிக்காத சிக்கல் ஒன்று மார்மன்களுக்கு இருந்தது. மனிதர் தம் பாவத்துக்கே தண்டிக்கப்படுவர், ஆதாமின் மீறுதலுக்கு அல்ல என்பது ஜோசப் ஸ்மித் 1842-இல் வகுத்த விசுவாசக் கூற்றுகளுள் இரண்டாவது. ஆதாமின் பிழையே பிள்ளைகளைச் சேராதென்றால், காயீனின் பிழை மட்டும் எப்படிச் சேரும்?

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் பிறவிக்கு முந்திய பழி. மனித உயிர்கள் மண்ணிற் பிறப்பதற்கு முன் விண்ணில் வாழ்ந்தன என்பது மார்மன் கொள்கை. அங்கே தேவனுக்கும் சாத்தானுக்கும் போர் மூண்டபோது ஊக்கமாக நின்ற உயிர்கள் நல்ல குலத்திலும், ஊக்கங்குன்றிய உயிர்கள் கறுப்பினத்திலும் பிறந்தன என்று சிலர் கூறலாயினர். இப்போது கணக்கு நேராயிற்று. தண்டனை முன்னோன் பாவத்துக்கன்று. அவனவன் தன் பாவத்துக்கே! அவனுக்கு நினைவில்லாத, எவரும் காணாத, எந்த மன்றத்திலும் மெய்ப்பிக்க முடியாத பாவம். தண்டிப்பவனுக்கு இதனினும் வசதியான குற்றச்சாட்டு உலகில் உண்டோ? நம் நாட்டில் சண்டாளன் ஏன் சண்டாளனாகப் பிறந்தான் என்பதற்கு உபநிடதக் காலம் தொட்டு உரைக்கப்பட்ட விடையும் இதுதான். ஒருவரை ஒருவர் அறியாத இரு சமுதாயங்கள் ஒரே விடையை எட்டியதில் வியப்பில்லை. இரண்டிடத்தும் எழுந்த தேவை ஒன்றே.

இதில் வேடிக்கை என்னவெனில், தடையை விதித்த யங்கிடமே 1869-இல் இதுபற்றிக் கேட்டபோது, விண்ணுலகப் போரில் நடுநிலை நின்ற உயிர்கள் எவையும் இல்லை என்று மறுத்துவிட்டார். தடை விதித்தவர் மறுத்த காரணம், பின்வந்தோர் கையில் வளர்ந்தது. ஜோசப் ஃபீல்டிங் ஸ்மித் 1931-இல் எழுதிய நூலில் அதனை விரித்துரைத்தார். 1949-இல் சபையின் தலைமைக் குழுவே, தடை ஆண்டவரின் நேரடிக் கட்டளை என்றும், பிறவிக்கு முந்திய நடத்தை அதற்கு விளக்கம் தரும் என்றும் அறிக்கை விடுத்தது. இருபதாண்டு கழித்து 1969-இல் வந்த அறிக்கையோ, காரணம் தேவனுக்குத் தெரியும், மனிதருக்கு முழுமையாக அறிவிக்கப்படவில்லை என்றது. காயீன் போனான், விண்ணுலகப் போர் போயிற்று, காரணம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்த பின்னும் தடை மட்டும் நின்றது. முதலில் விலக்கு, பிறகு விளக்கம் என்பதே நிகழ்ந்த வரிசை.

விலக்கின் அளவுகோல் நிறமன்று, பிறப்பே என்பதற்கும் சான்றுண்டு. டேவிட் மெக்கே தலைவராயிருந்த 1950-களில், கருநிறம் படைத்த ஃபிஜித் தீவினர் ஆசாரியத்துவம் பெறலாம் என்று முடிவாயிற்று. அவர்கள் காயீன் மரபினர் அல்லராம். பிரேசில் நாட்டிலோ பல இனக் குருதி கலந்த மக்கள். அங்கே ஊழியர்கள் வீட்டுக்கு வீடு சென்று குடும்ப நிழற்படங்களை வாங்கிப் பார்த்து, பாட்டன் பாட்டியர் முகத்தில் ஆப்பிரிக்கச் சாயல் உண்டா என்று துருவினர். வெளுத்த மேனியன் ஒருவன் கொள்ளுப்பாட்டியால் விலக்கப்பட்டான். கறுத்த மேனியன் ஒருவன் தீவினால் ஏற்கப்பட்டான். தென்னாப்பிரிக்காவில், தன் வழிமுறை முழுதும் ஆப்பிரிக்காவுக்கு வெளியே செல்வதை ஒவ்வொருவனும் மெய்ப்பித்தாக வேண்டும் என்ற விதி இருந்தது. 1954-இல் மெக்கே அதனை நீக்கினார். தோலை நோக்காது வேரைத் தோண்டும் இம்முறைக்கு நம் நாட்டில் சாதி என்று பெயர்.

ஒடுக்கப்பட்டவர் ஒடுக்குபவராக மாறியது எங்ஙனம் என்ற வினாவுக்கு வருவோம். மார்மன்கள் பலதார மணத்தை 1852-இல் வெளிப்படையாக அறிவித்த பின், ஏனை அமெரிக்கர் அவர்களை வெள்ளையராகவே மதிக்கத் தயங்கினர். 1856-இல் குடியரசுக் கட்சி, பலதார மணத்தையும் அடிமை முறையையும் காட்டுமிராண்டிக் காலத்தின் இரட்டை எச்சங்கள் என்றது. யூட்டாவுக்குச் சென்ற இராணுவ மருத்துவர் ஒருவர், மார்மன்கள் முகத்தோற்றத்திலேயே சிதைந்ததொரு புதிய இனமாகி வருகின்றனர் என்று அரசுக்கு எழுதினார். 1879-இல் ரெனால்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பலதார மணம் ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் வழக்கம் என்று கூறித் தள்ளியது. மதத்தின் பெயரால் எதனையும் செய்யலாமா என்பதற்கு, கணவன் சிதையில் மனைவி எரியும் நம் நாட்டு உடன்கட்டையை எடுத்துக்காட்டியது. 1890-இல் சபை பலதார மணத்தைக் கைவிட்டது. 1896-இல் யூட்டா மாநிலத் தகுதி பெற்றது. வெள்ளையர் வரிசையில் இடங்கேட்டு நின்றவர்கள், தமக்குக் கீழே ஒருவரைக் காட்டித் தம் வெண்மையை உறுதி செய்துகொண்டனர். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமமின்மை என்று குறித்தது இதனைத்தான். மேலே உள்ளவனின் மிதி பொறுக்கலாம், கீழே மிதிக்க ஒருவன் இருந்தால்.

மார்மன் மக்கள் பிறர்க்கிழைத்த கொடுமைகளுள் 1857 செப்டம்பர் 11-இல் மவுண்டன் மெடோஸ் என்னுமிடத்தில் ஆர்கன்சாவிலிருந்து வந்த வழிப்போக்கர் ஏறத்தாழ 120 பேரைக் கொன்றது கொடியது. இருபதாண்டு கழித்து ஒருவர் மட்டுமே அதற்காக மரண தண்டனை பெற்றார். அமெரிக்கப் பழங்குடியினரை மார்மன் நூல் நோக்கும் முறையும் நீண்ட வாதத்துக்குரியது. மனந்திரும்புவோர் ‘வெண்மை’ அடைவர் என்று அந்நூலில் இருந்த சொல்லொன்று 1981-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘தூய்மை’ என்று மாறியது. இவை தனித்தனிக் கட்டுரைகளுக்கு உரியன.

தடையை எதிர்த்தோரில் வெளியார் பலர். அவர்தம் கண்டனத்தில் எப்போதும் நேர்மை இருந்ததென்று கூற இயலாது. கறுப்பரைத் தனி மூலையில் அமர்த்திய சபைகளும் மார்மன்களை நோக்கி விரல் நீட்டின. பிலடெல்பியாவில் ரிச்சர்ட் ஆலன் முதலியோர் அத்தகைய இழிவு பொறாமல் வெளியேறியதன் விளைவாகவே 1816-இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபை பிறந்தது. மற்றவரும் செய்தனரே என்று மார்மன் தரப்பினர் கூறும் மறுமொழியில் ஓரளவு உண்மையுண்டு. தனிக் கல்லறையும் தனி வரிசையும் கண்ட நம்மூர்க் கிறிஸ்தவர்க்கும் அது புரியும். ஆயினும் ஆலன் தம் சபையில் ஆயரானார். ஏபெலின் சபையில் அவர் மக்கள் எவராகவும் ஆக இயலவில்லை. பிறர் குற்றம் நம் குற்றத்துக்கு மருந்தாகாது.

உள்ளிருந்து எழுந்த கேள்விகள் வேறு வகை. சமூகவியல் பேராசிரியர் லோரி நெல்சன் மார்மன் குடியிற் பிறந்தவர். 1947-இல் கியூபா நாட்டில் ஊழியம் தொடங்கக் கருதிய சபையார் அங்குள்ள இனநிலை பற்றி அவரிடம் வினவினர். அவர், இந்தக் கொள்கையைக் கொண்டுபோய் அம்மக்களிடையே பிளவை உண்டாக்குவதைவிடப் போகாதிருப்பதே நன்று என்ற கருத்தில் விடையெழுதினார். தலைமைக் குழு அவரைக் கண்டித்து எழுதியது. 1952-இல் அவர் இதனை ‘தி நேஷன்’ இதழில் ஊரறிய எழுதினார்.

1960-களில் குடியுரிமை இயக்கம் நாடெங்கும் கொழுந்துவிட்டெரிந்தது. 1965 மார்ச்சில் நிறமுடைய மக்கள் முன்னேற்றத் தேசியச் சங்கத்தார் உப்பு ஏரி நகரில் சபையின் தலைமையகம் நோக்கி ஊர்வலம் சென்றனர். 1968-இல் டெக்சாஸ் மாநிலத்து எல்பாசோ பல்கலைக்கழகக் கறுப்பின ஓட்ட வீரர்கள், மார்மன்களின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தோடு போட்டியிட மறுத்தனர். அவ்வாண்டே மெக்சிகோ ஒலிம்பிக்கில் 8.90 மீட்டர் தாண்டி உலகை வியக்க வைத்த பாப் பீமன் அவர்களுள் ஒருவர். 1969-இல் வயோமிங் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர் பதினால்வர், கறுப்புப் பட்டி அணிந்து ஆட இசைவு கேட்கச் சென்றதற்காகவே அணியிலிருந்து நீக்கப்பட்டனர். மாணவர்கள், உதவித்தொகையையும் எதிர்காலத்தையும் பணயம் வைத்தவர்கள். நம் மாணவர் இதனை நினைவில் இருத்துதல் நன்று.

ஆனால் சபையினரின் மனத்தை அசைத்த பணி சத்தமில்லாமல் நடந்தது. லெஸ்டர் புஷ் என்னும் மார்மன் மருத்துவர் ஆண்டுக்கணக்கில் பழஞ்சுவடிகளையும் கூட்டக் குறிப்புகளையும் திரட்டி, 1973-இல் ‘டயலாக்’ என்னும் ஆய்விதழில் நீண்ட கட்டுரை வெளியிட்டார். அவர் வசைபாடவில்லை, மதத்தை விட்டு விலகவுமில்லை. தடை ஜோசப் ஸ்மித்திடமிருந்து வந்ததற்கு அவர் காலத்துச் சான்று ஒன்றும் இல்லை என்பதை ஏடுகளைக் கொண்டே காட்டினார். எலைஜா ஏபெலின் கதை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1879-இல் இதுபற்றி விசாரணை நடந்தபோது, ஸ்மித்தே ஏபெலின் பட்டத்தைப் பறிக்கச் சொன்னார் என்று முதியவர் ஒருவர் நாற்பதாண்டு கழித்து நினைவுகூர்ந்தார். நிறுவனரின் அண்ணன் மகன் ஜோசப் எஃப். ஸ்மித், ஏபெலின் பட்டச் சான்றிதழ்களைக் கண்டு வந்து, அது பொய் என்று அன்று எடுத்துரைத்தார். அதே மனிதர், தாமே சபைத் தலைவரான பின் 1908-இல், ஏபெலின் பட்டம் செல்லாதென்று நிறுவனரே கூறிவிட்டதாகச் சொன்னார்! தாள் மாறவில்லை, மனிதர் மாறினார். நம் முன்னோர் பற்றிய பட்டயங்களையும் பதிவேடுகளையும் தேடித் திரட்டல் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

மற்றொரு நெருக்கடி பிரேசிலில் எழுந்தது. சாவோ பாலோ நகரில் ஆலயம் கட்டப் போவதாக 1975-இல் அறிவிப்பு வந்தது. அதற்காக உழைத்தோருள் 1972-இல் சபையிற் சேர்ந்த எல்வேசியோ மார்டின்ஸ் என்னும் கறுப்பரும் ஒருவர். கட்டி முடிந்தால் அவர் உள்ளே நுழைய முடியாது, அஃதறிந்தே உழைத்தார். நைஜீரியாவிலும் கானாவிலும் சபையின் நூல்களைத் தாமே படித்து, தாமே கூடி வழிபட்ட மக்கள், ஊழியரை அனுப்புங்கள் என்று ஆண்டுதோறும் எழுதிக் கொண்டிருந்தனர். 1978 ஜூன் முதல் நாள், சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் தம் உடன் தலைவர்களோடு உப்பு ஏரி ஆலயத்தில் இறைவேண்டல் செய்தபோது தேவ வெளிப்பாடு கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. ஜூன் 9-ஆம் நாள் உலகுக்குச் செய்தி வந்தது: தகுதியுள்ள ஆடவர் அனைவர்க்கும் இன வேறுபாடின்றி ஆசாரியத்துவம் உண்டு. நவம்பரில் நைஜீரியாவில் அந்தோணி ஓபின்னா திருமுழுக்குப் பெற்றார். மார்டின்ஸ் 1990-இல் சபையின் உயர் பொறுப்பாளருள் ஒருவரானார். கறுப்பினத்தவருள் அவரே முதல்வர்.

இது தேவ வெளிப்பாடா, நெருக்கடியின் விளைவா என்று இன்றும் வாதிடுவர். அந்த அறையில் இருந்தோர் உள்ளத்தில் நிகழ்ந்ததை அளக்க நம்மிடம் கோல் இல்லை. அறைக்கு வெளியே நிகழ்ந்தவற்றையே வரலாறு கூற வல்லது. வாயிலில் நின்றவர் தட்டிக்கொண்டே இருந்தனர்; கதவு திறந்தது. ஆனால் திறந்த நாளில், இதுகாறும் மூடியிருந்தது தவறு என்று ஒரு சொல் வரவில்லை. பழைய விளக்கங்கள் நூல்களிலும் பாடங்களிலும் மேலும் பல்லாண்டு உலவின. 2013-இல்தான் சபை ஒரு கட்டுரை வெளியிட்டு, கருநிறம் சாபத்தின் அடையாளம் என்பதையும், பிறவிக்கு முந்திய செயலின் பயன் என்பதையும் தான் ஏற்கவில்லை என்று கைகழுவியது. மன்னிப்பு அதிலும் இல்லை. 2018 மே மாதத்தில் சபை மன்னிப்புக் கேட்டுவிட்டதாக ஓர் அறிக்கை இணையத்தில் பரவியது. கறுப்பின உறுப்பினர் சிலர் படித்துக் கண்ணீர் வடித்தனர். சில மணி நேரத்தில் அது போலி என்று தெரிந்தது. எவரோ ஒருவர் சபையைக் குத்திக்காட்ட எழுதியதாம். அவருடைய சாமர்த்தியத்தை நாம் மெச்சுவதற்கில்லை. குத்து விழுந்தது சபையின் மேலன்று.

இறுதியாக ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்னும் அம்மையாரைப் பற்றிக் கூற வேண்டும். கனெக்டிகட் மாநிலத்தில் அடிமையல்லாத கறுப்பினக் குடும்பத்திற் பிறந்து, இளம் வயதில் மார்மன் சபையிற் சேர்ந்தார். 1843-இல் குடும்பத்தாருடன் ஸ்மித் இருந்த நவூ நகருக்குப் புறப்பட்டார். வழியில் கப்பலேற்ற மறுத்துவிட்டனர். ஏறக்குறைய 800 மைல் நடந்தே சென்றனர்; காலணி தேய்ந்து, பாதம் வெடித்துக் குருதி வழிந்ததை அவரே கூறியுள்ளார். ஸ்மித்தின் வீட்டில் தங்கிப் பணிசெய்தார். அப்போது ஸ்மித்தின் மனைவி எம்மா, எங்கள் பிள்ளையாகச் சேர்ந்துகொள்கிறாயா என்று கேட்டாராம். பொருள் விளங்காமல் ஜேன் மறுத்துவிட்டார். 1847-இல் யூட்டாவுக்கு வந்தார். ஏபெல், முதுமையிலும் ஊழியப் பயணம் சென்று திரும்பி, 1884 கிறிஸ்துமஸ் நாளில் இறந்தார். ஆலயச் சடங்கு அவருக்கு இறுதிவரை மறுக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 27-இல், ஜேன் சபைத் தலைவர் ஜான் டெய்லருக்கு விண்ணப்பம் எழுதுவித்தார். ஆலயச் சடங்குகளைத் தமக்கும் தரவேண்டும், எம்மா கேட்டபடி ஸ்மித் குடும்பத்துப் பிள்ளையாகத் தம்மை இணைக்க வேண்டும் என்பது வேண்டுகோள். மறுத்தனர். மீண்டும் எழுதினார். மீண்டும் மறுத்தனர். 1894-இல் ஒரு புதுச் சடங்கை உண்டாக்கினர்: ஜோசப் ஸ்மித்துக்கு நித்தியத்துக்கும் ஊழியக்காரியாக ஜேனை இணைக்கும் சடங்கு. அதற்கும் அவரை ஆலயத்தினுள் விடவில்லை. அவருக்குப் பதிலாக வெள்ளை அம்மையார் ஒருவர் உள்ளே நின்றார். மகளாகக் கேட்டவர்க்கு மறுமையிலும் வேலைக்காரி இடம்.

ஜேன் அதனையும் ஏற்று அமையவில்லை. அதன் பின்னரும் விண்ணப்பித்தார். 1908 ஏப்ரலில் இறந்தார். அவர் கேட்ட ஆலயச் சடங்கு 1979-இல், இறந்தோர்க்காகப் பிறர் நின்று செய்யும் முறைப்படி, அவர் பெயரால் நிறைவேற்றப்பட்டது. தம் வாழ்க்கையைத் தாமே சொல்ல, ஒருவரை எழுத வைத்து, தம் அடக்கத்தின்போது படிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார் அவ்வம்மையார். நவூ வரை நடந்த கணக்கும், எம்மா கேட்ட கேள்வியும் அவ்வேட்டில் உள்ளன. சபையின் பெரியோர் பேசியவற்றுக்கு இணையாக இன்று அறிஞர் எடுத்துப் படிப்பது அந்த ஏட்டையே.